கண்ணாடித் தகட்டில் ஒரு முகம்: ஜூலியா மார்கரெட் கமரூனும் நம் வீட்டுப் படங்களும்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய கடையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பிறந்தநாள் பெனர், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். பலர் ஃபோனை நீட்டி, அதில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டுத் தரச் சொல்வார்கள்.

அப்படித்தான் ஒரு வைகாசி மாதத் தொடக்கத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அக்கா வந்தார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போய்க் கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர். அந்த ஆண்டு ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மலையகத்தில் இனி இருக்க முடியாது என்று அதற்கு முன்னும் பின்னும் வடக்குக்குப் போன தோட்டக் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலரை 2009இல் போர் அங்கேயும் பிடித்துக்கொண்டது. அக்காவின் அண்ணனிடமிருந்து அந்த ஆண்டின் தொடக்கத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அவர் காட்டிய படம் தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பியது. காகிதப் படத்தை ஃபோனில் எடுத்து வட்ஸ்அப்பில் போட, அது மூன்று நான்கு பேரின் கை மாறி இவரிடம் வந்திருக்கிறது. ஒரு குடும்பப் படத்தின் மூலையில் அண்ணன் நிற்கிறார். நான் கொம்பியூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், இதேபோன்ற ஒரு முகத்தை முன்பு நானே என் கையால் அழித்திருக்கிறேன்.

கடையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர், இறந்துபோன மனைவியின் ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்தார். அதை ஸ்கேன் செய்தேன். பத்திரிகை அறிவித்தலுக்காகச் சிறிதாக்கினேன். வேறு பெயரில் சேமிக்காமல் அதே பெயரில் சேமித்தேன். பெரிய ஸ்கேன் போய்விட்டது. அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. காகிதப் படம்தான் பெரியவரிடம் இருக்கிறதே. சில வருடங்கள் கழித்து அவர் திரும்பி வந்தார். மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து காம்பராவுக்குள் வந்துவிட்டதாம். படம் போய்விட்டது, உங்கள் கொம்பியூட்டரில் இருக்குமே என்று கேட்டார். என்னிடம் இருந்தது 300 பிக்சல் அகலமுள்ள ஒரு சிறு கோப்பு. அதைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஓர் ஆள் இருக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் படக் கோப்புகளைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பு என்னை ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் கொண்டுபோய் விட்டது. அவர் இறந்து 140 வருடங்களுக்கு மேலாகிறது. நம் மலையகத்து மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்.

பொகவந்தலாவைக் கல்லறை

உறவினர் ஒருவரின் மரண வீட்டுக்காகப் பதுளையிலிருந்து ரயிலில் ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் பொகவந்தலாவைக்குப் போயிருந்தேன். அங்கே ஆசிரியராக இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், பக்கத்தில் இருக்கும் சென் மேரிஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லறையைக் காட்டினார். ஜூலியா மார்கரெட் கமரூன் என்றார். உலகத்தின் பெரிய படப்பிடிப்பாளர்களில் ஒருவர் என்றார். பக்கத்தில் கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன்.

கமரூன் என்ற பெயர் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் வரும் கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் கமரூன்தான் அவர். இராஜகாரியத்தை ஒழித்தது, 1833இல் சட்டநிரூபண சபையை உருவாக்கியது, கண்டிப் பகுதியையும் கரையோரத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது எல்லாம் அந்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளின் விளைவுகள். நம்முடைய அரசியல் துயரங்களின் கணக்கை எழுதுபவர்கள் பலர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அவருடைய மனைவி படம் எடுத்தவர் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே ஆண்டு. தந்தை ஜேம்ஸ் பட்டில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. தாய் பிரெஞ்சுப் பிரபு குடும்பத்து வழி வந்தவர். பிள்ளைப் பருவத்தில் பெரும்பகுதியை ஜூலியா பிரான்சில் பாட்டியின் வீட்டில் கழித்தார். சகோதரிகள் அழகுக்குப் பேர் போனவர்கள். ஜூலியாவை அந்த வரிசையில் யாரும் வைக்கவில்லை.

1836இல் உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் தன்னைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸ் கமரூன். 1838இல் கல்கத்தாவில் அவரைத் திருமணம் செய்தார். மற்றவர் தென்வானத்து நட்சத்திரங்களை ஆராய அங்கே வந்திருந்த விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல். கமராவில் விழுந்த உருவம் வெளிச்சத்தில் கறுத்துப் போகாமல் நிலைநிறுத்தும் இரசாயனத்தைக் கண்டுபிடித்தவர் ஹேர்ஷல். நாம் இன்றும் சொல்லும் நெகடிவ், பொசிடிவ் என்ற சொற்களைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1840களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்குப் புதிய கலையின் மாதிரிப் படங்களை அனுப்பிவைத்தார்.

ஆனாலும் ஜூலியா கமராவைத் தொட இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 1860இல் வைட் தீவில், கவிஞர் டெனிசன் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினார்கள். இலங்கையில் தங்களுக்கிருந்த தோட்டத்தின் பெயரைத் தழுவி அந்த வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். அந்த வீட்டின் செலவுக்கு இலங்கைக் கோப்பியை நம்பியிருந்தார்கள். அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி, தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த நம் முன்னோர். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

48 வயதில் ஒரு கமரா

1863 டிசெம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கணவர் அப்போது இலங்கையில் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். தனிமையில் இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்பது பிள்ளைகளின் எண்ணம். அவருக்கு வயது 48. நிலக்கரி போட்டு வைத்திருந்த அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாக்கி அதில் ஆட்களை உட்கார வைத்தார். ஒரு மாதத்துக்குள், 1864 ஜனவரியில், அன்னி என்ற சிறுமியின் படம் அவருக்குத் திருப்தியாக வந்தது. அதையே தன் முதல் வெற்றி என்று கருதினார்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால்தான் இன்றைய கோப்புகளைப் புரிந்துகொள்ள முடியும். ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து, கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தை அதன் மேல் சீராக ஊற்ற வேண்டும். அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கமராவில் வைத்து வெளிச்சம் காட்டி, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கடைசியில் கையில் கிடைப்பது கண்ணாடி நெகடிவ். அதை இரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் அழுத்தி வெயிலில் வைத்தால் பிரதி கிடைக்கும்.

இதில் முக்கியமானது, பிரதி எத்தனை வேண்டுமானாலும் போடலாம், நெகடிவ் ஒன்றுதான். காகிதம் கிழிந்தால் இன்னொன்று போடலாம். கண்ணாடி உடைந்தால் கதை முடிந்தது.

இன்றைய கமராக்களில் ரோ என்றொரு கோப்பு வகை உண்டு. கமராவின் கண்ணில் விழுந்ததை அப்படியே வைத்திருப்பது அது. அடோபி நிறுவனம் 2004இல் அதற்கான பொது வடிவமொன்றை வெளியிட்டபோது டிஜிட்டல் நெகடிவ் என்றே பெயர் வைத்தது. அதற்கு அடுத்தது டிஃப். 1986இல் வந்தது. ஸ்கேன் செய்த படத்தை ஒரு புள்ளியும் குறையாமல் வைத்திருக்கலாம். கோப்பு பெரிதாக இருக்கும், ஆனால் எத்தனை முறை திறந்து சேமித்தாலும் தேயாது. 1996இல் வந்த பிஎன்ஜியும் அப்படித்தான். பின்னணி இல்லாமல் ஆளை மட்டும் வெட்டி வைக்கவும் அது உதவும்.

ஜேபெக் வேறு மாதிரி. 1992இல் தரப்படுத்தப்பட்ட அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களை எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறது. இதற்கு அடிப்படையான கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். அவர்கள் இல்லாவிட்டால் இன்று ஃபோனில் படம் அனுப்புவதே பெரும்பாடாக இருந்திருக்கும். குற்றம் ஜேபெக்கில் இல்லை. பிரதியை நெகடிவ் என்று நினைத்துப் பாவிப்பதில்தான் இருக்கிறது. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதுவும் தன் பங்குக்குச் சுருக்கும். அக்காவின் அண்ணனுடைய முகத்தில் தெரிந்த சதுரங்கள் அப்படி வந்தவைதான்.

கலங்கிய படமும் பொய்ப் படமும்

ஜூலியாவின் படங்களைப் பார்த்தால் முதலில் தெரிவது அவற்றின் மங்கல்தான். அக்காலத்துப் படப்பிடிப்பாளர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். கூர்மை இல்லை, தகட்டில் விரல் அடையாளம் இருக்கிறது, கீறல் இருக்கிறது, கொலோடியன் வழிந்த கறை இருக்கிறது என்று எழுதினார்கள். அவர் அவற்றைத் தூக்கி எறியவில்லை. விஞ்ஞானி டார்வின், கவிஞர் டெனிசன், எழுத்தாளர் கார்லைல், முதிய வயதில் தலைமுடி பறக்கும் ஹேர்ஷல் என்று எத்தனையோ முகங்களை மிக அருகில் வைத்து எடுத்தார். 1866இல் 15க்கு 12 அங்குலத் தகடு போடும் பெரிய கமராவை வாங்கினார். உருவத்தைப் பெரிதாக்காமல் நெகடிவ் அளவிலேயே பிரதி போட்டதால், பெரிய முகம் வேண்டுமென்றால் பெரிய தகடு வேண்டும்.

இதே கணக்குத்தான் இன்றும். அச்சில் தெளிவாக வர ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஜூலியாவின் தகட்டளவுக்கு ஒரு படம் அச்சடிக்க 4500க்கு 3600 பிக்சல் வேண்டும். ஏ4 தாளுக்கு 2480க்கு 3508. வட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த 600 பிக்சல் அகலப் படம் இரண்டு அங்குல அகலத்துக்குத்தான் ஒழுங்காக வரும். ஃபோன் திரையில் அழகாகத் தெரிகிறதே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். திரை சிறியது, அதனால் தெரிகிறது. அவ்வளவுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு செயலிகள் வந்திருக்கின்றன. கலங்கிய படத்தைக் கொடுத்தால் நொடியில் பளிச்சென்ற முகத்தைக் காட்டும். அக்காவின் படத்தை அதில் போட்டுப் பார்த்தேன். பளபளப்பான தோலோடு, வரிசையான பல்லோடு ஒரு மனிதர் வந்தார். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, இது எங்கள் அண்ணன் மாதிரி இருக்கிற வேறு யாரோ என்றார். அவர் சொன்னது சரி. படத்தில் இல்லாததைச் செயலி கண்டுபிடிக்கவில்லை. வேறு ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதைக் கொண்டு தானாக வரைகிறது. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் குடும்பத்துக்கு அது உதவியல்ல, ஆபத்து. அடையாளம் காட்ட வேண்டிய இடத்தில் வேறொருவருடைய முகத்தை நீட்டியவர்களாகிவிடுவோம். கலங்கியிருந்தாலும் உண்மையான படமே மேல்.

ஜூலியா தன் பிரதிகளின் அடியட்டையில், இது உயிருள்ள ஆளிடமிருந்து நேராக எடுத்தது என்று கைப்பட எழுதினார். தன் கையெழுத்தையும் போட்டார். பல படங்களில் ஆளின் பெயரையும் எழுதினார். 500க்கும் மேற்பட்ட படங்களுக்கு முறைப்படி பதிப்புரிமை பதிந்தார். 1869 வாக்கில் சில கண்ணாடி நெகடிவ்களில் வெடிப்பு விழுவதைக் கண்டு பதறிப்போய் நிபுணர்களிடம் காரணம் கேட்டார். வெள்ளி உப்பில் போட்ட பிரதிகள் காலப்போக்கில் மங்கும் என்பதால், மங்காத கார்பன் முறையில் தன் முக்கியமான படங்களுக்குப் பிரதி போட ஏற்பாடு செய்தார். அவருடைய படங்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு அவருடைய திறமை மட்டும் காரணமல்ல. எழுதி வைத்தார், பதிந்து வைத்தார், ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்.

மடுல்சீமையில் தொடங்கிய நோய்

அதே 1869இல் நம் ஊவா மலையில் இன்னொன்று நடந்தது. மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். கோப்பியின் இலைத்துரு நோய். இலங்கையில் அது முதலில் பதிவானது அங்கேதான். இருபது ஆண்டுகளுக்குள் இந்நாட்டின் கோப்பிப் பயிர்ச்செய்கை அநேகமாக முடிந்துபோய், அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது.

கமரூன் குடும்பம் ஏற்கெனவே கடனில் இருந்தது. பெரிய வீட்டையும் விருந்தாளிகளையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. 1875 ஒக்டோபரில் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். கணவருக்கு 80 வயது. தங்களுடைய சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுபோனார்கள் என்றும், அவற்றுக்குள் கண்ணாடி, பீங்கான் சாமான்களை அடுக்கியிருந்தார்கள் என்றும் அந்தக் குடும்பத்துக் கதை ஒன்று உண்டு.

களுத்துறையில் அரச அதிகாரியாக இருந்த மகன் வீட்டிலும், டிக்கோயாப் பக்கத்து கிளென்கெய்ன் தோட்டத்திலும் மாறி மாறி வாழ்ந்தார்கள். இங்கே தண்ணீரும் வெப்பமும் ஈரக் கொலோடியனுக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் ஜூலியா படம் எடுத்தார். வீட்டு வேலையாட்கள், தோட்டத் தொழிலாளர், ஊர் மக்கள் அவர் கமராவின் முன் நின்றார்கள். இலங்கையில் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் முப்பதுதான். 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஓர் ஆளின் முதுகு மிக அழகாக இருக்கிறது என்பதற்காக, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜூலியா மகனிடம் அடம் பிடித்தாராம். வீட்டுக்குத் தோட்டமே கிடையாது.

அந்த ஆளின் பெயர் என்ன? நோர்த் எழுதவில்லை. ஜூலியாவும் எழுதவில்லை.

களுத்துறையில் அவர் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு சிறுமி, ஒரு கிழவர், இன்னொரு ஆள். அந்தப் படத்தின் தலைப்பில் சிறுமிக்கு 12 வயது என்றும், கிழவர் தன்னை அவளுடைய தந்தை என்று சொல்கிறார் என்றும், தனக்கு நூறு வயது என்று சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார். பெயரை எழுதவில்லை. களுத்துறைக் குடியானவர்கள் என்பதோடு முடிந்துவிட்டது.

வேலைக்காரர்கள் என்பதால் விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் அவர் வீட்டில் வேலை செய்து, அவருடைய படங்களில் மாதாவாக நின்ற மேரி ஹில்லியர் என்ற பெண்ணின் பெயர் நமக்குத் தெரியும். பிச்சை எடுத்த தாயோடு வந்து அந்த வீட்டில் வளர்ந்த மேரி ரயன் யாரைக் கல்யாணம் செய்தார் என்பதுகூடத் தெரியும். நம் ஊர் முகங்களுக்கு மட்டும் பெயர் இல்லை. அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய காலமும் வர்க்கமும் அப்படிப் பழக்கியிருந்தன. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்தது, சம்பளக் கணக்குக்காக. படத்தில் பெயர் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

1878இல் ஒருமுறை இங்கிலாந்துக்குப் போய் வந்தார். 1879 ஜனவரி 26ஆம் திகதி கிளென்கெய்ன் தோட்டத்தில் இறந்தார். வயது 63. அடுத்த ஆண்டு கணவரும் இறந்து பக்கத்திலேயே அடக்கமானார். பொகவந்தலாவையில் அந்தக் கல்லறையின் முன் நின்றபோது, சுற்றிலும் தேயிலை மலைகளில் பெயர்ப் பலகை இல்லாமல் புதைக்கப்பட்ட நம் ஆட்களைத்தான் நினைத்தேன்.

பெயரும் கோப்புக்குள் இருக்கட்டும்

அக்காவின் படத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுச் சொந்தக்காரரிடம் ஃபோனில் பேசினேன். காகிதப் படத்தை ஒரு கடையில் கொடுத்து, கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாக வாங்கச் சொன்னேன். மங்கிப்போன படத்தின் பழுப்பு நிறத்திலும் தகவல் இருக்கிறது. வண்ணத்தில் எடுத்தால்தான் அதைப் பிறகு சரிசெய்யலாம். அதை வட்ஸ்அப்பில் படமாக அல்ல, ஆவணமாக அனுப்பச் சொன்னேன். ஆவணமாக அனுப்பினால் கோப்பு சுருங்காமல் அப்படியே வரும்.

நான்கு நாட்களில் வந்தது. அண்ணனின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு தெரிந்தது. முதல் கோப்பில் அந்த இடம் ஒரே நிறச் சதுரமாக இருந்தது. அக்கா திரையில் அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்தார். சின்ன வயதில் விறகு பொறுக்கப் போய்த் தேயிலைக் கானுக்குள் விழுந்த காயம் என்றார். செயலி செய்த முகத்தில் அந்தத் தழும்பு இருக்கவேயில்லை.

போஸ்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் மாதிரியில் ஒரு பக்கம் தோற்றம், மறு பக்கம் மறைவு என்று இருக்கும். மறைவை எடுத்துவிடச் சொன்னார் அக்கா. அண்ணன் செத்துவிட்டார் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை, தான் எப்படி எழுதுவது என்று கேட்டார். எடுத்துவிட்டேன். பெயரை மட்டும் பெரிதாகப் போட்டோம். எழுத்தை எப்போதும் படமாக அல்ல, கோடுகளால் ஆன வெக்டர் வடிவத்தில்தான் வைப்பேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. பாமினி எழுத்துருவில் அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதனால் கோப்பின் பெயரையும் உள்ளே எழுதும் விவரத்தையும் யூனிகோடில் அடித்தேன். ஆம், படக் கோப்புக்குள்ளேயே பெயர், ஊர், ஆண்டு, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்றெல்லாம் எழுதி வைக்க இடம் இருக்கிறது. ஃபோட்டோஷொப் போன்ற மென்பொருட்களில் கோப்பு விவரம் என்ற பகுதியில் எழுதலாம். ஜூலியா அடியட்டையில் எழுதியதைப் போலத்தான். அக்கா ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, பதினொரு பேரையும் எழுதினேன். அந்தப் பெயர்களை இங்கே சொல்லவில்லை. அவை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானவை.

2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வடக்கு கிழக்கின் மற்ற இடங்களிலும் வீதியோரம் இருக்கும் தாய்மாரின் கைகளில் இருப்பவையும் இப்படிப்பட்ட படங்கள்தான். வெயிலில் நிறம் போனவை, லெமினேட் செய்ததில் ஈரம் இறங்கியவை, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியவை. பலரிடம் அதைத் தவிர வேறு பிரதி இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது ஆட்களோடு அவர்களுடைய பெட்டிகளும் அல்பங்களும் மண்ணுக்குள் போயின. போரிலும் மண்சரிவிலும் நாம் இழந்தவற்றில் முகங்களும் உண்டு.

ஆகவே உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், அடுத்த மழைக்கு முன் அதை ஸ்கேன் செய்யுங்கள். அந்த முதல் கோப்பைத் திருத்தாதீர்கள். திருத்துவதென்றால் இன்னொரு பெயரில் பிரதி எடுத்துத் திருத்துங்கள். வேறு வேறு இடங்களில் இரண்டு மூன்று பேரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். ஒன்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் இருந்தாலும் நல்லது. கடைக்காரர் செயலியில் போட்டு முகத்தை அழகாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர்களை எழுதுங்கள். அம்மாவுக்கோ அப்பாச்சிக்கோ நினைவு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பின்னால் நிற்கும் யாரென்று தெரியாத அந்தப் பிள்ளையின் பெயரையும் கேளுங்கள்.

மனைவியின் படத்தைக் கேட்டு வந்த அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருக்கு நான் செய்ததைத் திருத்த முடியாது. அதன் பிறகு கடைக்கு வரும் ஒவ்வொரு பழைய படத்தின் முதல் ஸ்கேனையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் பெயரைக் கேட்டு உள்ளே எழுதி வைக்கிறேன்.